பேராசிரியர் வைகுண்டராஜ் தட்டையான வரலாறு

முதல் புழு குடும்பத்தைவிட்டுப் போன வாரத்தில் பேராசிரியர் வைகுண்டராஜின் வயிறும் முதுகும் நான்கு விரல் நெருங்கின. மூன்றாவது போனபோது அவர் தாழ்ப்பாளைத் திறக்காமல் கதவிடுக்கு வழியாகவே வீட்டுக்குள் வந்தார். ராஜபாளையத்தில் எல்லோரும் சர்க்கரை வியாதி என்றார்கள். ஒல்லியாகிற யாரையும் அந்த ஊர் வேறு நோய்க்கு விட்டுக்கொடுக்காது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆட்டு ஈரலிலும் கண்மாய் மீனிலும் எடுத்த ஏழு தட்டைப்புழுக்களை ஒரே குடும்பம் என்று எழுதிப் பெயர் வாங்கியவர் அவர். அந்தக் காலத்து வழக்கப்படி புழுவை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து, நூலால் இறுக்கிக் கட்டி, நசுக்கித்தான் பார்ப்பார். நசுங்கினால் யாருக்கும் யார் ஜாடையும் வரும். அவர் வேலை பார்த்த அதே கல்லூரியில் விலங்கியல் நடத்தும் அவருடைய மகள் சத்யப்பிரியா, புதிதாகப் புழுக்களைச் சேகரித்து மரபணுவைப் பார்த்தாள். ஜாடை சொன்ன உறவை மரபணு ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து வேறு குடும்பங்களில் சேர்த்துக் கட்டுரை எழுதினாள். கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பும் நாளிலெல்லாம் அப்பா இளைத்தார்.

புரட்டாசி சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் படியேறியவரைக் காற்று தூக்கியது. பின்னால் வந்த இரண்டு பேர் வேட்டியைப் பிடித்து நிறுத்தினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக நிறுத்திப் பார்த்துவிட்டு, எல்லாம் அதது இடத்தில் இருக்கிறது, பருமன்தான் இல்லை என்றார். அதற்குள் ஆறு புழுக்கள் போயிருந்தன.

ஏழாவதின் முடிவு ஒரு திங்கட்கிழமை வந்தது. அதுவும் அப்பாவுடைய குடும்பம் இல்லை. இதை அனுப்பினால் அந்தக் குடும்பமே இருக்காது, அப்பா என்ன ஆவார் என்று சத்யப்பிரியா பயந்தாள். யாரிடமும் சொல்லாமல் பதினோரு நாள் ஒளித்துவைத்தாள். அப்பா படுத்திருந்தால், போர்வை அசைகிறதா என்று வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

ஆனால் வ. புதுப்பட்டியில் வீரணனின் ஆடுகள் ஈரலில் அந்த ஏழாவது புழு ஏறிச் செத்துக்கொண்டிருந்தன. அந்தக் குடும்பத்துப் புழு வாய்க்கால் நத்தையில்தான் வளரும் என்று பேராசிரியர் அன்றைக்கு எழுதியிருந்ததை நம்பி, ஊரே வாய்க்காலைச் சலித்து நத்தைகளைக் கொன்றது. ஏழாவது புழுவின் உண்மையான உறவுகளோ வயல் நத்தையில் வளர்கிறவை. வீரணன் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து, எந்த நத்தை என்று மட்டும் சொல்லும்மா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் அவர் போன பிறகு அப்பா மகளைக் கூப்பிட்டார். குரலும் மெலிந்திருந்தது.

"ஏட்டி, ஏழாவதும் நம்மது இல்லதான?"

"இல்லப்பா."

"அப்ப அனுப்பு. அவிய ஆடு எம்புட்டுச் செத்துட்டு."

"எனக்குப் பயமாருக்குப்பா."

"எனக்குந்தான். செத்த நேரம் பக்கத்துலயே இரு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டே அனுப்பினாள். அவள் பிடித்திருந்த கை காகித அளவுக்குப் போய், பிறகு அந்த அளவும் இல்லாமல் போயிற்று. அலறிக்கொண்டு எழுந்து முன்னால் வந்து பார்த்தாள். முன்னாலிருந்து பார்த்தால் அப்பா முழுசாக உட்கார்ந்திருந்தார். பக்கவாட்டில் மட்டும் இல்லை.

அந்த மழைக்காலத்தில் வ. புதுப்பட்டிக்காரர்கள் வயல் நத்தைகளை அள்ளி அழித்தார்கள். ஆடுகள் சாவது நின்றது. பேராசிரியர் இன்றும் ராஜபாளையத்தில்தான் இருக்கிறார். காபி குடிக்கிறார், பேப்பர் படிக்கிறார், மகளுடைய கட்டுரைகளில் பிழை திருத்துகிறார். சத்யப்பிரியாவின் பயம் மட்டும் போகவில்லை. கல்லூரியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அப்பா, எந்தப் பக்கம் பாத்து இருக்கீய?" என்று கேட்பாள். அவர் சொன்ன பிறகு, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக வீட்டுக்குள் போவாள்.