பத்து கழிக்க வேண்டாம்

முப்பத்தோரு வருஷமாக அளவுக்காரர் பூஜ்யத்திலிருந்து எதையும் அளந்ததில்லை. கடை தொடங்கிய முதல் வாரமே டேப்பின் முனைக் கொக்கி ஒடிந்துபோனது. இன்னொன்று வாங்க வழியில்லாத காலம். பத்து சென்டிமீட்டர் கோட்டை விளிம்பில் வைத்து அளந்து, வந்த எண்ணை அப்படியே சத்தமாகச் சொல்வார். மனைவி பத்தைக் கழித்து நோட்டில் எழுதுவாள். அவர் கழிக்க மாட்டார், அவள் கழிக்காமல் இருக்க மாட்டாள். இவ்வளவு ஒழுங்காக நடந்த புருஷன் பெண்டாட்டி ஒப்பந்தம் வேறெங்கும் இருந்திருக்காது.

அப்போது கடை என்பது ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த இடுக்கு. முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் போட்டார்கள், உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டினார்கள். ஒரு புயலில் தெருத்தெருவாக ஜன்னல்கள் நொறுங்கின. ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது இவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்த வருஷம் தெருவைப் பார்த்த கடை கிடைத்தது. பிறகு வேன், ஆறு ஆட்கள், படித்துவிட்டு வந்த மகன், மகனோடு வந்த கம்ப்யூட்டர். டேப் மட்டும் மாறவில்லை, அது கைராசியாம். அளவுக்காரர் சைட்டிலிருந்து போனில் எண் சொல்வார், அவள் மேஜையில் உட்கார்ந்து கழித்து எழுதுவாள்.

கண் மங்கத் தொடங்கிய வருஷம் அவர் இரண்டு ஜன்னல்களின் அளவைத் தப்பாகப் படித்தார். மகன் ஆட்கள் முன்னாலேயே சொல்லிவிட்டான்.

“இன்னொரு தடவை அளவு தப்புச்சுன்னா நீங்க வீட்டுல இருங்கப்பா. நான் லேசர் மெஷின் வாங்கிக்கிறேன்.”

மானம் போனது அவருக்கு. அளவெடுக்காத அளவுக்காரரை யார் மதிப்பார்கள்? அன்றைக்கே கொக்கி வைத்த புது டேப் ஒன்று வாங்கி வந்து மனைவியிடம் காட்டினார்.

“இனிமே பத்து கழிக்க வேணாம். நான் சொல்றதை அப்படியே எழுது.”

அவள் சிரித்தாள். “கை தன்னால கழிச்சிடுமேங்க!”

சிரித்துக்கொண்டே ‘பத்து கழிக்க வேண்டாம்’ என்று துண்டுச்சீட்டில் எழுதி, மேஜை மேல் விரித்திருந்த கண்ணாடிக்கு அடியில் செருகினாள்.

மறுநாள் நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் முகப்புக்கு அளவெடுக்கப் போனார். முப்பத்தாறு கண்ணாடி. கம்பெனி அதுவரை பார்த்திராத பெரிய வேலை. சாரத்தின் மேல் நின்றபோது புது டேப் பையிலேயே கிடந்தது, கை பழையதைத்தான் எடுத்தது. பத்திலிருந்து வைத்தது. முப்பத்தாறையும் போனில் சொல்லிவிட்டு, இறங்கி வந்து நிம்மதியாக டீ குடித்தார்.

வந்திறங்கிய கண்ணாடி எல்லாமே நீளத்திலும் அகலத்திலும் பத்து பத்து அதிகம். சாதாரணக் கண்ணாடி என்றால் கீறி ஒடித்துச் சரிசெய்துவிடலாம். இது டஃபன் கண்ணாடி. வெட்டி முடித்த பிறகுதான் சூட்டில் வைத்துக் கெட்டிப்படுத்துவார்கள். அதற்குமேல் வெட்டப் பார்த்தால் மொத்தமும் கல் உப்பாகக் கொட்டிவிடும்.

பார்த்த நொடியே அவருக்குப் புரிந்தது. மகன் வேன்காரனோடு வாசலில் கத்திக்கொண்டிருந்தான். மனைவி பின்னறையில் கைகழுவிக்கொண்டிருந்தாள். அளவுக்காரர் நேராக மேஜைக்குப் போய் அந்தச் சீட்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அம்மா கழிக்கலையாப்பா?” என்று கேட்டபடி மகன் உள்ளே வந்தான்.

“போன வாரம் பாலை அடுப்புல வச்சுட்டு மறந்தாளே, அந்த மாதிரிதான்.”

அவள் ஈரக்கையோடு வந்து நின்றாள். “நீங்கதானேங்க கழிக்க வேணாம்னீங்க? சீட்டுகூட எழுதி வச்சேனே.”

மேஜைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். டிராயரைக் கவிழ்த்தாள். குப்பைக்கூடையைக் கிளறினாள். அளவுக்காரர் முனை ஒடிந்த டேப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“இதை வச்சுத்தான் அளந்தேன். இதை வச்சுக்கிட்டுக் கழிக்க வேணாம்னு சொல்லுவேனா?”

அவள் டேப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மகன் குரலைத் தாழ்த்தி, “விடுங்கம்மா, பரவால்ல. வயசாகுதுல்ல” என்றான். அவன் திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அப்போதாவது அந்த மனுஷன் வாயைத் திறந்திருக்கலாம். சீட்டைக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்து, கூசாமல் இரண்டு வாய் சாப்பிடவும் செய்தார்.

மேஜைக்கு வேறொரு பெண் வந்தாள். கம்பெனி எப்படியோ தப்பிப் பிழைத்தது. அளவுக்காரர், அதற்கப்புறம் வாங்கியதாகச் சொல்லிக்கொண்ட புது டேப்போடு இன்னும் சைட்டுக்குப் போகிறார். வீட்டில் அவள் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். ‘அடுப்பு அணைத்தாகிவிட்டது’, ‘கதவு பூட்டியாகிவிட்டது’ என்று எல்லாவற்றையும் எழுதுகிறாள். எழுதியதை நம்பாமல் மறுபடி எழுந்துபோய்ப் பார்க்கிறாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

“ஏங்க, நீங்க புது டேப்பைக் காட்டினது அப்படியே கண்ணுல நிக்குது. நான் சிரிச்சதுகூட ஞாபகம் இருக்கு. நடக்காததெல்லாம் எப்படிங்க இவ்வளவு தெளிவா வரும்?”

“டாக்டர்கிட்ட கேப்போம்” என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள். நோட்டை எடுத்து, நிதானமாக ஒரு வரி எழுதி, அவர் முன்னால் நீட்டினாள்.

“சரியா எழுதியிருக்கேனா, பாருங்க.”

‘அவர் சொல்லவில்லை’ என்று இருந்தது.

“சரியாத்தான் இருக்கு” என்றார்.