பூட்டப்பட்ட இழை

வில்பிரட் எழுதிய ஏழு விதிகளைக் கடந்து வராமல் ‘கட்டற்றோர் களம்’ மன்றத்தில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டுவிட முடியாது. கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் பயன்படுத்துகிறவர்கள் தங்கள் சிக்கல்களைத் தமிழில் பேசித் தீர்த்துக்கொள்ளும் இணைய மன்றம் அது. உறுப்பினர்கள் நாலாயிரத்துச் சொச்சம். ஒன்பது வருடமாக அதன் நெறியாளர் வில்பிரட். பகலில் அவர் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். வகுப்பில் அவர் பிள்ளைகளை அதட்டி யாரும் பார்த்ததில்லை. மன்றத்திலோ, அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினியர்கள்கூட எழுதிய கேள்வியை அழித்துவிட்டு ஒழுங்காகத் திரும்ப எழுதுவார்கள்.

முதல் விதி, கேட்குமுன் தேடு. மூன்றாவது, தலைப்பில் பிரச்சினை இருக்க வேண்டும், புலம்பல் இருக்கக் கூடாது. ஆறாவது, ‘அவசரம்’ என்று எழுதாதே. உன் அவசரம் மன்றத்தின் அவசரம் அல்ல. ஆறாவதின் மேல் அவருக்குத் தனிப் பிரியம் உண்டு. விதியை மீறினால் இழையைப் பூட்டிவிடுவார். ஒரு கேள்வியும் அதற்கு வரும் பதில்களும் சேர்ந்ததுதான் இழை. பூட்டிவிட்டால் கேட்டவரே வந்தாலும் அதில் ஒரு எழுத்து எழுத முடியாது.

இப்படிப்பட்டவர் தன் திருச்சபையின் கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாற்ற ஆறு வருடம் போராட வேண்டியிருந்தது. கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கும் சிறிய கோயில் அது. பாட்டு வரிகளைப் பெரிய திரையில் காட்டுவதற்காக ஒரு கம்ப்யூட்டரும், கூரையில் தொங்கும் புரொஜெக்டரும், இரண்டையும் இணைக்கும் நீளமான வயரும் உண்டு. கமிட்டிச் செயலாளர் ஜெஃப்ரி மாற்றத்துக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. போன மாதம் பாவ அறிக்கை ஜெபத்தின் நடுவில், ‘உங்கள் சந்தா முடிந்துவிட்டது, நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்’ என்று வைரஸ் தடுப்பு மென்பொருளின் எச்சரிக்கை ஆளுயர எழுத்தில் திரையில் வந்தது. பின் வரிசையில் இரண்டு பேர் ஆமென் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் கமிட்டி இறங்கி வந்தது.

“சரிண்ணா, மாத்திக்கோங்க” என்றான் ஜெஃப்ரி. “ஆனா ஒரே ஒரு தடவை ஸ்க்ரீன் வரலேன்னாலும் பழசையே போட்டுடுவேன். அப்புறம் இந்தப் பேச்சையே நீங்க எடுக்கக் கூடாது.”

வில்பிரட் ஒத்துக்கொண்டார். கமிட்டிக் குறிப்பேட்டில் அது எழுதவும்பட்டது.

திங்கட்கிழமை லினக்ஸைப் போட்டார். புரொஜெக்டர் எரிந்துகொண்டிருக்க, திரையில் எல்லாம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. வியாழக்கிழமை ஒரு தாளில் ஒன்பது படிகளை அச்சிட்டு, லேமினேட் செய்து, மேசைக்கு மேலே ஒட்டினார். படி ஒன்று, கம்ப்யூட்டரைப் போடவும். படி இரண்டு, முழுதாகத் திறந்த பிறகே புரொஜெக்டரைப் போடவும். படி ஒன்பது, கம்ப்யூட்டரை அணைத்தால் புரொஜெக்டரையும் உடனே அணைக்கவும்; விளக்கின் ஆயுள் முக்கியம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாடகர் குழு ஒத்திகைக்கு வந்து நின்றபோது திரை வெறும் நீலமாக இருந்தது. ‘சிக்னல் இல்லை’ என்றது ஓரத்தில். மறுநாள் அறுப்பின் பண்டிகை, விளைச்சலைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் நாள். புதுப் பாட்டுகள் நாலு. அவை எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் கிடையாது.

ஜெஃப்ரி திரையைப் பார்த்தான், வில்பிரட்டைப் பார்த்தான். “நாலு மணிக்கு வரேண்ணா. அதுக்குள்ள வந்தா சந்தோஷம். வரலேன்னா பழைய டிஸ்க்கோட வரேன்.”

“வந்துடும்” என்றார் வில்பிரட்.

வரவில்லை. மேசை மானிட்டரில் டெர்மினல் என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து கட்டளை மேல் கட்டளையாகத் தட்டினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு கம்ப்யூட்டரை அணைத்தார். படி ஒன்பதின்படி புரொஜெக்டரையும் அணைத்தார். மறுபடி படி ஒன்றிலிருந்து தொடங்கினார். விதியை எழுதியவரே அதைத் தாண்டலாமா.

கோயிலைக் கூட்டித் திறந்து மூடும் ஞானம்மாள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். “சார், ஒண்ணு சொல்லட்டா?”

“சொல்லுங்கக்கா.”

“மின்னாடியெல்லாம் நான் மேல கீறத்தத்தான் மொதல்ல போடுவேன்.”

“நோட்டீஸ்ல என்ன போட்டிருக்கோ அதும்படி செய்ங்கக்கா” என்றார் வில்பிரட், கண்ணைத் திருப்பாமல்.

“அதும்படிதான் சார் செஞ்சினு கீறேன். அதான் வரல.”

அவர் காதில் அது விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை. அங்கே ஏற்கெனவே நிறையக் கட்டளைகள் வரிசையில் நின்றன.

மணி ஒன்றைத் தாண்டியதும் மன்றத்தில் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆயிற்று. ஆனால் நெறியாளர் வில்பிரட் கேட்பதா? ஒன்பது வருடமாக அவர் பதில் மட்டுமே சொல்லிவந்தவர். ஆகவே போனில் ‘தாம்பரம்_புதியவன்’ என்று ஒரு புதுக் கணக்கைத் தொடங்கி, “அவசரம், இன்று நாலு மணிக்குள் புரொஜெக்டர் வேலை செய்ய வேண்டும்” என்று எழுதினார்.

இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. எழுதியவர் சின்மயி, அவரே தேர்ந்தெடுத்து நியமித்த துணை நெறியாளர். “அன்புள்ள புதியவரே, வணக்கம். முதலில் விதிகளைப் படியுங்கள்” என்று தொடங்கி ஏழு விதிகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கமாவும் வில்பிரட் போட்டது.

அவர் பொறுமை இழந்து, “விதியெல்லாம் எனக்குத் தெரியும்மா. ஒரு கோயில் காரியம். தெரிந்தால் சொல்” என்று எழுதினார்.

“விதி ஆறு. உங்கள் அவசரம் மன்றத்தின் அவசரம் அல்ல. மேலும் ‘அம்மா’, ‘சொல்’ போன்ற சொற்கள் மரியாதையாக எழுதச் சொல்லும் விதி ஐந்துக்குப் புறம்பானவை. இழை பூட்டப்படுகிறது.”

பெண் வேலையைச் சரியாகத்தான் செய்கிறாள் என்பதில் வில்பிரட்டுக்குச் சந்தேகமில்லை.

இனி மீதியிருந்தது முதல் விதிதான். தேடினார். ஏழாவது பக்கத்தில் ஒரு பழைய இழை கிடைத்தது. நாலு வருடத்துக்கு முன் கீழ்க்கட்டளையிலிருந்து சுபத்ரா என்பவர் தொடங்கியது. தலைப்பு: ‘ஐயோ புரொஜெக்டர்ல ஒண்ணுமே தெரியல, நாளைக்கு என் டான்ஸ் கிளாஸ் ஆண்டு விழா, யாராவது காப்பாத்துங்க’. உள்ளே படித்தார். அதே நீலம், அதே நீளமான வயர், அதே ‘சிக்னல் இல்லை’. யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை. அடுத்த பதிவு சுபத்ராவுடையதே. “நானே கண்டுபிடிச்சுட்டேன். ரொம்ப சிம்பிள். அடுப்புல சாம்பார் இருக்கு, இறக்கிட்டு வந்து விவரமா எழுதறேன்.”

அதற்குப் பதினொரு நிமிடம் கழித்துக் கடைசிப் பதிவு. “தலைப்பு விதி மூன்றை மீறுகிறது. சாம்பார் இம்மன்றத்தின் பொருள் அல்ல. இழை பூட்டப்படுகிறது. – நெறியாளர் வில்பிரட்.”

அந்தச் சாம்பார் வரியை எழுதிவிட்டு அன்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டது அவருக்கு நினைவு வந்தது.

பூட்டைத் திறக்கத் தாம்பரம்_புதியவனால் முடியாது. நெறியாளரால்தான் முடியும். மணி இரண்டரை. வில்பிரட் சொந்தப் பெயரில் உள்ளே போய், பூட்டைத் திறந்து, நாலாயிரம் பேர் பார்க்கும் இடத்தில் எழுதினார்: “சுபத்ரா அவர்களுக்கு, நாலு வருடத்துக்கு முன் உங்கள் இழையை நான் பூட்டியது தவறு. மன்னிக்கவும். அன்று கண்டுபிடித்தது என்ன என்று சொல்ல முடியுமா? இன்று நாலு மணிக்குள் தேவைப்படுகிறது. அவசரம்.”

கடைசிச் சொல்லை இரண்டு முறை அழித்தார். மூன்றாம் முறை விட்டுவிட்டார்.

அரை மணி நேரத்தில் நாற்பது பேர் அந்த இழையைப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் பதிலாகச் சிரிப்பு முகம் மட்டும் போட்டார். மூன்றே காலுக்குச் சுபத்ரா வந்தார்.

“சார், விவரம் போதாது. எதை முதல்ல ஆன் பண்றீங்க?”

“கம்ப்யூட்டர். பிறகு புரொஜெக்டர்.”

“அதான். வயர் நீளமா இருந்தா, கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே புரொஜெக்டர் முழிச்சிட்டிருக்கணும். இல்லேன்னா அப்படி ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது. மேல இருக்கறத முதல்ல போடுங்க, நூறு எண்ணுங்க, அப்புறம் கம்ப்யூட்டர். அவ்வளவுதான். அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

வில்பிரட் மெதுவாகத் தலையைத் திருப்பினார். ஞானம்மாள் பெஞ்சுகளுக்கு நடுவே பூசணிக்காயும் கரும்பும் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, காலையில ஏதோ சொன்னீங்களே.”

“இன்னா சார் சொன்னேன்? மேல கீறத்த மொதல்ல போடுவேன்னேன்.”

“அதைப் போடுங்க.”

“நோட்டீஸ்ல அப்படி இல்லியே சார்.” ஞானம்மாளின் முகத்தில் ஒரு சின்னச் சுளிப்புகூட இல்லை. “அப்புறம் நீங்க கோச்சிக்கக் கூடாது.”

“போடுங்கக்கா.”

புரொஜெக்டர் முனகி எழுந்தது. வில்பிரட் வாய்விட்டு நூறு எண்ணினார். கம்ப்யூட்டரைத் தட்டினார். நீலம் போய், ஒரு நொடி கறுப்பாகி, புதுப் பாட்டின் முதல் வரி சுவர் அகலத்துக்கு வந்து நின்றது.

நாலு மணிக்கு ஜெஃப்ரி கையில் டிஸ்க்கோடு வந்தான். திரையில் ஒரு முழுச் சரணத்தைப் படித்தான். “எப்படிண்ணா சரி பண்ணீங்க?”

“நான் பண்ணல. ஞானம்மாள் அக்காவுக்குக் காலையிலேயே தெரிஞ்சிருக்கு.”

“அப்புறம் ஏன் நாலு மணி வரைக்கும்?”

“நோட்டீஸ் குறுக்க இருந்தது” என்றார் வில்பிரட்.

ஜெஃப்ரி டிஸ்க்கைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஞானம்மாள் லேமினேட் தாளைக் கிழியாமல் உரித்தெடுத்து, “இது அட்ட மாரி கெட்டியா கீது சார், காய்கறிக்கு அடியில வைக்கலாமா?” என்று கேட்டார். அதன் மேல் ஒரு பரங்கிக்காய் உட்கார்ந்தது.

வில்பிரட் வீட்டுக்குக் கிளம்பும்போது போனில் சின்மயியின் செய்தி வந்திருந்தது. “சார், நீங்கள் திறந்த பழைய இழையின் தலைப்பு விதி மூன்றை மீறுகிறது. ‘ஐயோ’ என்று தொடங்குகிறது. தவிர, அந்த அம்மா இப்போது சாம்பார் செய்முறை எழுதிக்கொண்டிருக்கிறார். ஏழு பேர் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். பூட்டிவிடட்டுமா?”

வண்டியைக் கேம்ப் ரோட்டு ஓரமாக நிறுத்திவிட்டுப் பதில் எழுதினார்.

“வேண்டாம். அவங்க எழுதி முடிக்கட்டும்.”