அளவு ரவிக்கை

என் கல்யாண ரவிக்கைமேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. அது வெறும் துணி, அது என்ன பாவம் செய்தது என்று நீங்கள் கேட்கலாம். கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் அதற்குப் பரிந்து பேசுங்கள்.

என் பெயர் குமுதா. மலேசியாவில் கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. நாள் பூராவும் ரப்பர் கையுறைகளை இழுத்துப் பார்ப்பேன், ஊதிப் பார்ப்பேன், கையில் மாட்டி விரலை மடக்கிப் பார்ப்பேன். சரியில்லை என்றால் ரிஜெக்ட் பெட்டிக்குள் போய்விடும். சூப்பர்வைசரே வந்து கெஞ்சினாலும் போட்டது போட்டதுதான். ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் என் மாமியார்தான் சூப்பர்வைசர், மேனேஜர், முதலாளி எல்லாம்.

மாமியார் பெயர் இராஜம்மா. நான் அத்தை என்று கூப்பிடுவேன். நல்ல மனசு, ஆனால் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. எனக்கு வளைகாப்பு நடந்த சமயம், பழைய பிராக்கள் எல்லாம் மூச்சு முட்ட ஆரம்பித்தன. புதிதாக வாங்க வேண்டும் என்று அத்தையிடம் சொன்னேன். பிரா என்ற சொல்லை அவர் வாயில் வரவிட மாட்டார். உள்பாடி என்பார், அதையும் சுவருக்குக் கேட்காத மாதிரி சொல்லுவார். கால் வீங்கிப் போய் நீ எதுக்கு அலையுறே, நான் வாங்கிட்டு வரேன் என்றார். பீரோவைத் திறந்தார், என் கல்யாண ரவிக்கையை உருவிப் பைக்குள் திணித்தார், கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போய்விட்டார்.

நாங்கள் அளவு ரவிக்கை கொடுத்தே துணி தைத்துப் பழகினவர்கள். எங்கள் உடம்பை யாரும் அளந்தது இல்லை, ரவிக்கையைத்தான் அளப்பார்கள். அத்தையும் கடையில் அதை மேசைமேல் விரித்து, இதுக்குச் சரியா ஓர் உள்பாடி காட்டு என்று கேட்டிருக்கிறார். கடைப்பெண் நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, உசத்திச் சரக்காக அரை டஜன் எடுத்துக் கொடுத்துவிட்டாள். லேஸ் என்ன, பளபளப்பு என்ன, அடியில் வளைத்து வைத்த கம்பி என்ன! மணமேடையில் உட்கார்ந்திருந்த குமுதாவுக்கு அது கச்சிதமாக இருந்திருக்கும். வாயும் வயிறுமாக நின்ற இந்தக் குமுதாவுக்கு முதுகில் கொக்கியே எட்டவில்லை.

இறுக்கமாக இருக்கிறதே என்றேன். இறுக்கமாக இருந்தால்தான் தாங்கும், லூசாகப் போட்டால் தொங்கிப் போய்விடும் என்றார். அதோடு விட்டாரா? ராத்திரியே உட்கார்ந்து முதுகுப் பக்கம் ஒரு துண்டுத் துணி வைத்து, கொக்கி எட்டுகிற மாதிரி தைத்தும் கொடுத்தார். இவ்வளவு பாசமாகத் தைத்துக் கொடுத்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது? வாயை மூடிக்கொண்டு மாட்டிக்கொண்டேன்.

மகள் பிறந்தாள். தலை நிறைய முடி, பசி வந்தால் தெருவே கேட்கும் குரல். குரலில் உன்னையே கொண்டு பிறந்திருக்கிறாள் என்று என் வீட்டுக்காரர் முகுந்தன் சொன்னார். பால் நன்றாகத்தான் ஊறியது. கொஞ்ச நாளில் இடது பக்கம் கல்லு மாதிரி ஒரு கட்டி வந்தது. தொட்டால் உயிர் போனது. பிள்ளை வாய் வைக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எனக்குக் காய்ச்சல் வந்து பல்லு கிடுகிடுத்தது.

டாக்டர் மருந்து கொடுத்து, பிள்ளைக்குக் கொடுப்பதை நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்குக் குளிக்கும்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன். கட்டி இருந்த இடத்தில், கம்பி அழுத்தின சிவப்புக் கோடு பதிந்திருந்தது. அந்தக் கோடும் கட்டியும் ஒரே இடம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஈரத் தலையோடு வெளியே வந்து, அந்த அரை டஜனையும் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். மறுநாள் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த அரசாங்க கிளினிக் நர்ஸ் மிசியும் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, கம்பிதான் காரணம் என்று சொன்னார். கம்பி வேண்டாம், அழுத்தவும் வேண்டாம், ஆனால் ஏந்திப் பிடிக்க ஒன்று கட்டாயம் வேண்டும் என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஒன்றுமே போடாமல் இருக்கவும் முடியவில்லை. நடந்தால் பாரம் கீழே இழுத்தது, சட்டை நனைந்து ஒட்டியது, வீட்டுக்கோ பிள்ளை பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முகுந்தனை அனுப்பினேன். மனுஷன் மூன்று கடை சுற்றிவிட்டு, செய்தித்தாளில் சுற்றின பொட்டலத்தோடு திருடன் மாதிரி வந்தார். பிரித்தால் அதே கம்பி, அதே சைஸ், நிறம் மட்டும் வேறு. எந்த அளவு சொல்லி வாங்கினீர்கள் என்று கேட்டேன். கால்சட்டைப் பையிலிருந்து மெதுவாக வெளியே எடுத்தார். ரவிக்கை! அம்மா குடுத்தாங்க என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது.

இதற்குள் அத்தை ஒரு பால்மாவு டின் வாங்கி ஐஸ்பெட்டிக்கு மேலே வைத்துவிட்டார். உனக்குப் பால் பத்தவில்லை, அதனால்தான் பிள்ளை கத்துகிறது என்பது அவருடைய தீர்ப்பு.

"பேர் வைக்கிற அன்னைக்கு சனம் முன்னால பிள்ளை பசியில கத்தக் கூடாது. அதுக்குள்ள டின் பால் பழக்கிரணும். அவ்வளவுதான்."

டின் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை, என் வீட்டுக்காரரே அப்படி வளர்ந்தவர்தான். ஆனால் எனக்குப் பால் இருந்தது. என் மகளுக்கு நான் கொடுக்க ஆசைப்பட்டேன். ஒரு கம்பியும் ஒரு பழைய ரவிக்கையும் சேர்ந்து அதை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வதா? விட மாட்டேன் என்று அந்த டின்னைப் பார்த்துச் சொன்னேன்.

தையல் டப்பாவிலிருந்து டேப்பை எடுத்தேன். மார்புக்கு அடியில் சுற்றி ஒரு அளவு, மேலே எடுப்பான இடத்தில் சுற்றி ஒரு அளவு, இறுக்காமல் பிடித்தேன். ரவிக்கையையும் பக்கத்தில் விரித்து அளந்தேன். அதற்கும் எனக்கும் ஓர் உள்ளங்கை அகலம் வித்தியாசம். அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ரவிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டேப் பழசு, இழுத்துக்கிச்சு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நானே கடைக்குப் போகிறேன் என்றதும் வீடு ரெண்டு பட்டது. பச்சை உடம்புக்காரி டாக்டரிடம் போவதைத் தவிர வாசல் தாண்டுவாளா, காத்து பூந்தால் ஆயுசுக்கும் தலைவலி என்று அத்தை ஒரே பாட்டு. நான் செருப்பை மாட்டினேன். கடைசியில் காதில் பஞ்சு, தலையில் துண்டு, இடுப்பில் வயிற்றுக்கட்டு, இத்தனையும் கட்டிக்கொண்டு போவதானால் போகலாம் என்று இறங்கி வந்தார். தானும் வருவேன் என்றார். முகுந்தன் ஓட்டி வந்த காடியில் ஏறும்போது அத்தையின் பையைப் பார்த்தேன். வெந்நீர் பிளாஸ்க், பால் புட்டி, அந்த டின். பிள்ளை கத்தினால் அங்கேயே கலக்கிக் கொடுத்துவிடுவாராம்.

சுபாங் ஜெயாவில் தாய்க்கும் பிள்ளைக்கும் சாமான் விற்கிற ஒரு கடை. உள்ளே நுழைந்ததும் மலாய்ப் பெண் ஒருத்தி சிரித்த முகத்தோடு சைஸ் என்ன அக்கா என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்னால் அத்தை பைக்குள் கையை விட்டு ரவிக்கையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் அதை வாங்கி முகுந்தன் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

"அத்தே, பால் குடுக்கிறது நான். அந்த ரவிக்கை இல்ல."

அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

நான் அளந்து வைத்திருந்த இரண்டு அளவையும் சொன்னேன். அந்தப் பெண் ஒரு கை நிறைய எடுத்து வந்து கொடுத்தாள். திரைக்குப் பின்னால் போய் நின்றதும் எனக்குத் தொழிற்சாலைக்குள் வந்துவிட்ட மாதிரி தைரியம் வந்தது. முதலாவதைத் தொட்டேன், ஓரத்தில் கம்பி. மாட்டிப் பார்க்கவே இல்லை, திரைக்கு மேலே வீசினேன். ரிஜெக்ட் என்றேன். வெளியே முகுந்தன் பிடித்துக்கொண்டார். அடுத்தது பார்க்க அழகு, தோள்பட்டை நூல் மாதிரி ஒல்லி, கையைத் தூக்கினால் தோளை அறுத்தது. அதுவும் பறந்தது. இன்னொன்று மெத்தென்று இருந்தது, ஆனால் திறக்க இரண்டு கை வேண்டும். பிள்ளையை யார் தலையில் வைத்துக்கொள்வதாம்? ரிஜெக்ட்! மெல்ல, மெல்ல, ஆளுங்க பார்க்குறாங்க என்று முகுந்தன் முணுமுணுத்தார். பார்க்கட்டுமே.

அப்போதுதான் மகள் விழித்தாள். முதலில் ஒரு சிணுங்கல், அப்புறம் கடையே நடுங்குகிற மாதிரி ஓர் அலறல். அத்தை பிளாஸ்க்கைத் திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்து டின் மூடி. அதற்குள் இருக்கும் ஈயத்தாளைச் சர்ரென்று கிழிக்கிற சத்தமும் கேட்டது. அவசரமாக அடுத்ததை உருவினேன்.

கையில் இருந்தது சாம்பல் நிறத்தில் ஒன்று. பருத்தித் துணி, அடியில் அகலமான பட்டை, அகலத் தோள்பட்டை, நாலு வரிசைக் கொக்கி. கடைசி வரிசையில் மாட்டினேன், உடம்பு வற்ற வற்ற உள்ளே மாட்டிக்கொள்ளலாம். மார்பு இரண்டும் உள்ளே போய் உட்கார்ந்தன. எங்கேயும் பிதுங்கவில்லை, எங்கேயும் குத்தவில்லை, கசியும் பாலுக்குப் பஞ்சு வைக்கக்கூட இடம் இருந்தது. கையைத் தூக்கினேன், குனிந்தேன், மூச்சை இழுத்துவிட்டேன். இத்தனை மாதம் என்னை இழுத்துக்கொண்டிருந்த பாரத்தை யாரோ கீழிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

"பிள்ளையக் குடுங்க."

"புட்டி கலக்கிட்டேன்டி."

"அத்தே, பிள்ளையக் குடுங்க."

திரை விலகியது. அத்தை முகம் வெளுத்திருந்தது. பிள்ளையை வாங்கி வலது கையில் அணைத்துக்கொண்டு, இடது கையால் தோள்பட்டைக் கிளிப்பை ஒரு தட்டுத் தட்டினேன். திறந்துகொண்டது. இடது பக்கம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத அதே பக்கம். துணி கீழிருந்து ஏந்திக் கொடுக்க, அவள் இரண்டு தடவை தடுமாறி, மூன்றாவது தடவை கப்பென்று கவ்வினாள். எனக்குச் சுருக்கென்று வலித்தது. அப்புறம் உள்ளே என்னவோ அவிழ்ந்து ஓடியது.

கடையில் சத்தம் அடங்கிவிட்டது. என் மகள் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை புட்டியைக் கீழே வைத்தார். கிட்டே வந்து, பிள்ளையின் தொண்டையை விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

"இறங்குது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் வெட்கமே இல்லாமல் அழுதேன். ஜெயித்துவிட்டேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது, பிள்ளை குடிப்பது கெட்டுவிடும் என்றுதான் கத்தவில்லை. வெளியே முகுந்தன் அந்தப் பெண்ணிடம் இதே மாதிரி இன்னும் ரெண்டு என்று சத்தமாகக் கேட்டார். அவருக்கும் வெட்கம் விட்டுப் போயிருந்தது.

பேர் வைக்கிற நாளில் வீடு கொள்ளாத கூட்டம். மகளுக்கு யாழினி என்று பேர் வைத்தோம். சடங்கு நடுவில் அவள் பசியில் சிணுங்கினாள். நான் எழுந்து உள்ளே ஓடவில்லை. புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, கூடத்திலேயே உட்கார்ந்து ஒரு கையால் கிளிப்பைத் திறந்தேன். அவள் குடித்துவிட்டு ஊர் முன்னால் ஒரு பெரிய ஏப்பம் விட்டாள்.

அத்தையின் தங்கச்சி பவுனம்மாள் தன் மகள் விஷ்ணுப்ரியாவோடு வந்திருந்தார். விஷ்ணுப்ரியாவுக்கு அப்போது ஏழாம் மாதம். தேத்தண்ணி குடித்துக்கொண்டே பவுனம்மாள், இன்னைக்கு டீ என்னமோ கெட்டியா, வாசமா இருக்கே அக்கா, என்ன பால் என்று கேட்டார். அத்தை என்னைப் பார்க்காமல், டின்னை உடைச்சுட்டேன், வீணாப் போயிரும் பாரு, அதான் என்றார். என் மகளுக்கு வாங்கின பால்மாவை வந்தவர்கள் அத்தனை பேரும் கோப்பை கோப்பையாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பவுனம்மாள் குரலைத் தாழ்த்தி, விஷ்ணுப்ரியாவுக்கும் உள்பாடி வாங்க வேண்டும், அளவு ரவிக்கை கொண்டு வந்திருக்கேன், நீதான் வாங்கித் தரணும் என்று பையைத் திறந்தார். அத்தை அந்த ரவிக்கையை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. கூடத்தில் இருந்த ஆண் பெண் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னார்.

"பிரா ரவிக்கைக்கு இல்ல லா, பிள்ள பெறப் போறவளுக்கு. அவளைக் கூட்டிட்டுப் போய்ப் போட்டுப் பாரு. கூட எம் மருமவளையும் கூட்டிட்டுப் போ. சரியில்லைன்னா தூக்கி வீசிருவா."