பட்டப்பகல் சேனலின் ஆறு மணிச் செய்தி

2004 ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். சேனலுக்கு உரிமம் வாங்கிய கிஸ்லேன் புவாவேர். கேமராவையும் நாடாக்களையும் பார்த்துக்கொண்ட ரெஜான் பூலியோ. ஒப்பனை செய்த நொர்மான் லாஷான்ஸ்; மேடையில் பெண்வேடம் கட்டி ஆடியவன், எங்கள் எல்லோருக்கும் சீமாட்டி. ஆறு மணிச் செய்தி வாசித்த எலீஸ் மார்ஷான். பிறகு நான். பிற்பாடு தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்கள் யாரும் இல்லை.

மாண்ட்ரீலின் கிழக்கே, ஒரு பழைய மெத்தைக் கடையில் எங்கள் நிலையம் இருந்தது. விற்காமல் போன மெத்தைகளைச் சுவரில் ஆணியடித்துத் தெருச் சத்தத்தை அடைத்திருந்தோம். தன்பால் விரும்புவோருக்கும் திருநருக்கும் என்று கியூபெக் மாகாணத்தில் நடந்த சேனல் அது ஒன்றுதான். பெயர் பட்டப்பகல். பெயரை வைத்தவன் நான்.

எங்கள் சேனல் வீட்டுக்குள் தானாக வராது. கேபிள் கம்பெனிக்குப் போன் செய்து, மறுமுனையில் இருக்கும் பெண்ணிடம் "எனக்குப் பட்டப்பகல் வேண்டும்" என்று வாயால் சொல்லித்தான் வாங்க வேண்டும். சிற்றூர்களில் அந்தப் பெண் பள்ளியில் கூடப் படித்தவளாக இருப்பாள். மனைவியின் தங்கையாகவும் இருப்பாள். பலர் பாதியில் போனை வைத்துவிடுவார்கள். எழுபத்து நான்கு வயதான ஒருவர், ஆறு முறை வைத்துவிட்டு ஏழாம் முறை சொன்னதாக எழுதியிருந்தார்.

அந்தக் கடிதம் வந்த அன்று நான் ஒரு விதி வைத்தேன். நம்மைப் பார்ப்பவர்கள் நம் பெயரை அந்நியரிடம் சொல்லிவிட்டு வருகிறார்கள். ஆகவே நம் கேமராவுக்கு முன் உட்காருகிறவர் முதலில் தன் பெயர், குடும்பப் பெயர், பிறந்த ஊர் மூன்றையும் சொல்ல வேண்டும். முதல் செய்தியை நானே வாசித்தேன். "அன்செல்ம் தெரியோ, ரிமுஸ்கி" என்றேன். ரிமுஸ்கியில் தெரியோ குடும்பம் எது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. மறு வாரம் என் அண்ணன் கூடத்துச் சுவரிலிருந்து என் படத்தைக் கழற்றினார். அதற்குப் பிறகு புத்தாண்டு விருந்துக்கு என்னை அழைக்கவில்லை. நான் குறை சொல்லவில்லை. ஒரு குடும்பம் போயிற்று, இன்னொன்று இருந்தது. அதன் மானத்தைக் காப்பது என் வேலை என்று எடுத்துக்கொண்டேன். எல்லோரும் ஒருவரையொருவர் நீ என்று பேசிக்கொள்ளும் அந்த இடத்தில் என்னை மட்டும் நீங்கள் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் பெரியப்பா என்பார்கள். சீமாட்டி முகத்துக்கு நேராகவே சொல்வான்.

அன்று காலை நான் கையில் ஒரு கடிதத்துடன் உட்கார்ந்திருந்தேன்.

"பெரியப்பா விறைப்பா உக்காந்திருக்காரு. கோர்ட்டு கூடிடுச்சு போல" என்றான் சீமாட்டி. "யாரு இன்னிக்குக் குற்றவாளி? என் பொய் இமையா?"

நான் கடிதத்தை வாசித்தேன். ஏரிப்பக்கத்து சேன்-வெரான் என்ற ஊரை விட்டு நகரத்துக்கு வந்த ஒரு பெண் எழுதியிருந்தாள். தினமும் ஆறு மணிக்கு 'எலீஸ் மார்ஷான், கியூபெக் நகரம்' என்று சொல்பவளின் பெயர் அது இல்லை. அவள் மரி-ஆன்ஜ் கோத்ரோ. பால்பண்ணை கோத்ரோவின் கடைசி மகள்.

எலீஸ் தன் காப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"உண்மைதான்" என்றாள். "அப்பாவுக்குத் தெரியாது. பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறேன்னு நெனச்சிட்டிருக்கார். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ போறேன். ஆறு மணி நேரம் பஸ்ஸு. சூப்பு வெச்சுட்டுக் காத்திருப்பார். அண்ணனுங்க ரெண்டு பேரும் எட்டிக்கூடப் பாக்கறதில்ல. அவருக்கு இருதயம் சரியில்ல. இன்னும் ரெண்டு குளிர்காலம்னு டாக்டர் சொல்றார். அதுவரைக்கும் அந்தக் கதவு எனக்குத் தொறந்திருக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன். அப்புறம் ஊரே கேக்கற மாதிரி சொல்றேன்."

"ரெண்டு வருஷமா எங்ககிட்டயும் பொய் சொல்லியிருக்க" என்றாள் கிஸ்லேன். குரலில் கோபத்தைவிடச் சலிப்புதான் இருந்தது.

"அவ வாசிக்கறது செய்தி. அவ அப்பன் பேரு செய்தியா?" என்றான் ரெஜான். "விடுங்க அன்செல்ம். அந்தக் கடுதாசியக் குப்பையில போடுங்க."

"எனக்கும்தான் ரெண்டு பேரு" என்றான் சீமாட்டி. "என்னையும் தூக்கில போடுவீங்களா?"

"நீ மேடையில வேஷம் கட்டற. வேஷம்னு எல்லாருக்கும் தெரியும்" என்றேன். "இவ செய்தி வாசிக்கறா. எழுபத்து நாலு வயசு மனுஷன் போன்ல வாயத் தொறந்து சொல்றான். முப்பத்தோரு வயசுல இவளால முடியாதா? இது நாளைக்குப் பத்திரிகையில வந்தா, இந்த வீட்டுல இருக்கற எல்லாரும் பொய்க்காரங்கன்னுதான் எழுதுவான். வியாழக்கிழமை ஆறு மணிக்கு உன் பேரைச் சொல்லு. இல்லேன்னா அந்த நாற்காலியில உக்காராத."

இதை ஒப்புக்கொள்பவர்களைக் கை உயர்த்தச் சொன்னேன். கிஸ்லேன் உயர்த்தினாள், நான் உயர்த்தினேன். ரெஜான் உயர்த்தவில்லை. சீமாட்டி மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டே மெதுவாக உயர்த்தினான். அவனுக்கு அந்த வேலை தேவைப்பட்டது.

வியாழக்கிழமை அவள் சொன்னாள். "இதுவரை உங்களிடம் வேறு பெயர் சொல்லி வந்தேன். நான் மரி-ஆன்ஜ் கோத்ரோ, சேன்-வெரான்." பிறகு சாலை விபத்துச் செய்திக்குப் போனாள். அந்த வாரம் கேபிள் கம்பெனிக்கு எங்கள் பெயரைச் சொல்லிப் போன் செய்தவர்கள் அதற்கு முந்திய மூன்று மாதங்களில் செய்தவர்களைவிட அதிகம். பூச்செண்டுகள் வந்தன. கிஸ்லேன் அவள் முகத்தைப் பெரிய சுவரொட்டியாக அடித்து ரயிலடியில் ஒட்டினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவள் ஊருக்குப் போனாள். திங்கட்கிழமை சிரித்துக்கொண்டே வந்தாள். நான் ஒப்பனை நாற்காலியில் இருந்தேன், அடுத்த நாற்காலியில் அவள்.

"பட்டாணி சூப்பு வெச்சிருந்தார்" என்றாள் சீமாட்டியிடம். "எதுவும் தெரியாது அவருக்கு. எங்க ஊருக்குக் கேபிளே கெடையாது. அப்பா ரேடியோல வானிலை மட்டும்தான் கேப்பார். மாடு கன்னு போட்டிருக்கு, அதுக்கு என் பேரே வெச்சிருக்கார், பாரேன்."

"நல்லா இருக்கு. பட்டப்பகல்ல ஊரைக் கூட்டி அம்மணமா நின்ன, உங்கப்பன் மட்டும் கண்ண மூடிட்டிருந்தான்" என்றான் சீமாட்டி.

இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். நான் எழுந்து போய்விட்டேன். கேட்க வேண்டிய ஒரே ஒருவர் கேட்க முடியாத இடத்தில் சொன்னதற்குத்தான் அத்தனை பூச்செண்டுகள் என்று எனக்கு அன்று தெரிந்தது.

ஜனவரி கடைசியில் கோத்ரோவுக்குத் தபாலில் ஒரு காணொளி நாடா வந்தது. மேலே ஒட்டிய சீட்டில் '6 மணி, 22 ஜனவரி' என்று மட்டும் எழுதியிருந்தது. அவர் வீட்டில் அதைப் போட்டுப் பார்க்கக் கருவி இல்லை. பால் கறக்கும் இயந்திரம் விற்கிற கம்பெனி அவ்வப்போது அப்படி விளம்பர நாடா அனுப்புவதுண்டு. அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்து, சனிக்கிழமை மாதாகோயில் மண்டபத்துக்கு எடுத்துப் போனார். அங்கே சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. கோயில் பணியாளிடம் கொடுத்துப் போடச் சொன்னார். ஒரு புது இயந்திரம் வந்திருக்கிறது, எல்லோரும் பாருங்கள் என்று அவரே அழைத்தார். இருபத்து மூன்று பேர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிப்ரவரி ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனபோது, அவளுடைய ரப்பர் காலணியும் இரண்டு அட்டைப்பெட்டிகளும் வாசல் பனியில் இருந்தன. கதவு பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து அவர் பேசினார். அதை அவள் திங்கட்கிழமை எங்களிடம் அழாமல் சொன்னாள்.

"நீ யாரோட வேணா இரு, அது உன் பாடுன்னு சொன்னார். ரெண்டு வருஷமா பல் டாக்டர்னு சொன்னியே. நான் பால் ஊத்தற எடத்துல, கோயில்ல, கடையில, எல்லாத்துலயும் எம் பொண்ணு பல் டாக்டர்கிட்ட இருக்கான்னு பெருமையாச் சொன்னேனே. அந்த இருபத்து மூணு பேரும் என்னப் பாத்துச் சிரிக்கலடி, பாவப்பட்டானுங்க. சாவியக் கடுதாசிப் பெட்டியில போட்டுட்டுப் போ. அப்படின்னார்."

"நீ என்ன சொன்ன?" என்றாள் கிஸ்லேன்.

"சாவியப் போட்டுட்டு வந்தேன்."

அன்று மாலையும் வாசித்தாள். மார்ச் மாதம் வேலையை விட்டாள். அடுத்த குளிர்காலத்தில் கோத்ரோ இறந்தார். செய்தித்தாளில் வந்த இரங்கல் குறிப்பில் இரண்டு மகன்கள் பெயர்தான் இருந்தது. அவள் மாதாகோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அவள் போவதற்கு முன்பே நாங்கள் மீண்டும் ஒருமுறை அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். இம்முறை நால்வர், நாடாவை அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்க. நாடா அறையின் சாவி ரெஜானிடம் இருந்தது. நாடாவில் ஒட்டிய சீட்டில் இருந்தது ரெஜானின் கையெழுத்து; எல்லா நாடாவிலும் அவன் கையெழுத்துதான்.

"நான் எதுக்கு அனுப்பணும்? அவளுக்கு எதிராக் கை தூக்காதவன் நான் ஒருத்தன்தான்" என்றான்.

"அதனாலதான் கேக்கறோம். நல்லவன் மாதிரி இருந்துட்டு..." என்றாள் கிஸ்லேன்.

"அன்செல்ம், நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்னைத் தெரியும்."

அவனை விலக்குவதா என்று முன்போல ஓட்டெடுக்கலாம் என்றேன். மூன்று கைகள் உயர்ந்தன. ரெஜான் தன் கேமராவின் கண்ணாடியைத் துடைத்து, மூடி போட்டு வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு எந்த நிலையமும் அவனை எடுக்கவில்லை; எங்களவர்கள் நகரத்தில் சின்ன வட்டம், பேச்சு சீக்கிரம் பரவும். பள்ளிப் பிள்ளைகளைக் குழுப்படம் எடுத்துப் பிழைத்தான். மரி-ஆன்ஜ் அவன் எழுதிய இரண்டு கடிதங்களையும் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள்.

பட்டப்பகல் 2007இல் கைமாறியது. இப்போது அந்த எண்ணில் சமையலும் வீடு அலங்காரமும் வருகின்றன.

போன ஏப்ரலில் ரெஜானை அடக்கம் செய்தோம். அதன் பிறகு கீழ்த்தள மண்டபத்தில் ரொட்டித்துண்டும் முட்டையும் வைத்திருந்தார்கள். எனக்கு எண்பத்து நான்கு வயது, ஒரு நாற்காலி கொடுத்தார்கள். பக்கத்து மேசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"அந்தக் கோத்ரோ பொண்ணோட அப்பனுக்கு நாடா அனுப்பினது இவன்தானே?"

"இவன்தான். பாவி."

அது தவறு. ரெஜான் அனுப்பவில்லை. நாடா அறைக்கு இரண்டாவது சாவி ஒன்று என் மேசை இழுப்பறையில் இருந்தது. உறையில் கோத்ரோவின் முகவரியைத் தட்டச்சில் அடித்தேன். அனுப்புநர் இடத்தில் எதுவும் எழுதவில்லை. அனுப்பியவர் அன்செல்ம் தெரியோ, ரிமுஸ்கி.