கூட்டாமல் திரும்பிய வண்டி

எலுமிச்சைத் தோட்டக்காரி வண்டி வாங்கிய மூன்றாம் வருடம் அவளுடைய நிலம் சுவர்போல எழுந்து நின்றது. அதற்குக் கீழே இருந்த அவள் கணவனுடைய அண்ணனின் நிலம் மேசைபோலப் படுத்துவிட்டது. அந்த வருடம் எலுமிச்சைக்கு நல்ல விலை. இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் விலையைப் பற்றிப் பேசிய அளவுக்கு நிலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசினால் வண்டியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். வண்டியைப் பற்றிப் பேசினால் அதை யார் யார் இரவல் வாங்கினார்கள் என்றும் பேச வேண்டியிருக்கும். அந்த மலையில் இரவல் வாங்காத வீடே கிடையாது.

வண்டி வருவதற்கு முன்னால் அவள் எருவை முதுகில் ஏற்றிக்கொண்டு மேலே போவாள், காய்க் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கீழே வருவாள். அவளுடைய முழங்கால்கள் அவளுக்கு முன்பே கிழடாகிவிட்டன. அதனால்தான் பல வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அந்த வண்டியை வாங்கினாள். அதைக் கார் என்றும் சொல்ல முடியாது, டிராக்டர் என்றும் சொல்ல முடியாது. இரண்டு பேர் உட்காரலாம், கதவு இல்லை, பின்னால் சுமை ஏற்ற ஒரு தகரத் தொட்டி, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஆடு ஏறத் தயங்குகிற மேட்டில் அது முனகிக்கொண்டே ஏறிவிடும். முதல் நாள் மேல் வரிசை மரங்கள் வரைக்கும் எருவைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, இன்ஜினை அணைத்து, ஸ்டியரிங் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலிக்காத சாயங்காலம் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலையில் கணவனின் அண்ணன் வந்தார். ஊரில் அவரை மூத்தவர் என்பார்கள். அவள் கணவனுக்கு ஊர் வைத்த பெயர் சரிங்க. யார் எது கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். கல்யாணத்துக்கும் அவர் அப்படித்தான் சம்மதித்தார் என்று அவள் சொல்வாள். மூத்தவர் வாசலில் நின்றபடியே, "நாலு கூடை மண்ணு ஏத்தணும் தம்பி, ஒரு நடை போயிட்டு வந்துடறேன்" என்றார். சரிங்க, "சரிங்க" என்றார். சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதற்குப் பிறகு கேட்பதுகூட நின்றுவிட்டது. மூத்தவர் எடுத்தார், பால்காரர் எடுத்தார், கல் வெட்டுகிறவர் எடுத்தார், அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்ற கணக்குதான். டீசல் தீர்ந்த வண்டியைத் திருப்பி விட்டுப் போனவர்கள் உண்டு. டயர் பஞ்சரானதைச் சொல்லாமல் நிழல் பார்த்து நிறுத்திவிட்டுப் போனவர்கள் உண்டு. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவர்கூடத் தொட்டியைக் கூட்டித் தரவில்லை. இன்னொருவர் பாத்திரத்தை வாங்கினால் கழுவித் தர வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற ஊர் அது. வண்டி என்று வந்தபோது அந்தப் பாடம் எல்லோருக்கும் மறந்துபோனது.

அழுக்கோடு வண்டி நின்றால் அவளுக்குச் சோறு இறங்காது. சாயங்காலமானால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தொட்டியில் ஏறிவிடுவாள். சாணி, கல் துகள், வைக்கோல் எல்லாவற்றையும் கூட்டித் தன்னுடைய மரங்களின் தூரிலேயே தள்ளுவாள், உரமாகட்டும் என்று. அந்தக் குப்பைக்கு அடியில் நிறமில்லாமல் வழவழப்பாக ஒன்று எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். விளக்குமாறு அதன்மேல் பட்டால் தானாகவே வழுக்கிக்கொண்டு போகும். கிரீஸ் என்று நினைத்து அதையும் சுரண்டித் தள்ளினாள். அது சரிவு. அவரவர் நிலத்திலிருந்து மண்ணோ கல்லோ எதை அள்ளித் தொட்டியில் போட்டாலும் அந்த நிலத்தின் சரிவும் கொஞ்சம் கூடவே ஏறிக்கொண்டது. மண்ணை இறக்கினார்கள், கல்லை இறக்கினார்கள், சரிவை மட்டும் தொட்டியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

முதலில் அடுப்பில் பால் ஒரே பக்கமாகப் பொங்கியது. பிறகு கட்டில் நகர ஆரம்பித்தது. படுக்கும்போது ஜன்னலோரம் இருப்பார்கள், விடியும்போது எதிர்ச் சுவரோரம் எழுந்திருப்பார்கள். சரிங்க கட்டில் காலைக் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார். கதவு தானாகத் திறந்துகொண்டது, கோழி இட்ட முட்டையைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. கீழே மற்றவர்களின் நிலமெல்லாம் வருடத்துக்கு வருடம் பாய் விரித்ததுபோல ஆனது. மலைச்சரிவில் இப்படி ஒரு சமதரையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், மூத்தவர் மீசையைத் தடவிக்கொண்டு எல்லாம் தன் உழைப்பு என்பார். எதற்கும் கூசாத வாய் அது.

பாலும் கட்டிலும் போகட்டும். அவள் வயிறு எரிந்தது எலுமிச்சைக்காகத்தான். பழுத்து விழுகிற காய் ஒன்றுகூட அவள் மண்ணில் நிற்கவில்லை. விழுந்த வேகத்தில் உருண்டு, எல்லைக் கல்லைத் தாண்டி, மூத்தவரின் தட்டை நிலத்தில் போய் அடக்கமாக நின்றது. அவர் ஆள் வைத்துப் பொறுக்கினார். மூட்டை கட்டினார். அந்த மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோக அவளுடைய வண்டியையே எடுத்துக்கொண்டு போனார். ஒரு மனுஷன் இதைச் செய்தான் என்று எழுதுவதற்கே கை கூசுகிறது, ஆனால் செய்தார், பகலில் செய்தார்.

அவள் இறங்கிப் போய்க் கேட்டாள். "அத்தான், அது எங்க மரத்துக் காய்."

"மரம் உன்னுதுதாம்மா, யாரு இல்லேன்னா? காய் எங்க கெடக்குன்னு பாரு" என்றார் அவர். பிறகு குரலைத் தணித்து, அவள் நல்லதுக்குச் சொல்கிறவரைப்போல, "இந்தச் செங்குத்தை வச்சிக்கிட்டு எத்தனை நாளைக்குத் தொங்கப் போறீங்க? பேசாம எனக்கே எழுதிக் குடுத்துட்டு, டவுன் பக்கம் ஒரு வீடு பாத்துக்கிட்டுப் போயிடுங்க" என்றார்.

அவள் திரும்பி ஏறி வந்தாள். கையாலும் காலாலும் ஏற வேண்டியிருந்தது. அன்றைக்கு வண்டி பால்காரரிடமிருந்து வந்து நின்றபோது, ஆத்திரத்தில், குப்பையைத் தூரில் தள்ள மனமில்லாமல் ஒரு சாக்கில் கூட்டி அள்ளி வாசல் கல்லின் மேல் வைத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல் சாய்ந்தது. சாக்கை எடுத்தாள், கல் நிமிர்ந்தது. திரும்ப வைத்தாள், சாய்ந்தது. தன் கையாலேயே, தினமும், ஒரு நாள் தவறாமல், ஊர்க்காரர்களின் சரிவையெல்லாம் தன் நிலத்தில் கூட்டிச் சேர்த்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. அவள் அழவில்லை. உள்ளே போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அது அப்புறம் ஆணிக்குத் திரும்பவே இல்லை.

ஊருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு வண்டி வந்ததும் தலைகால் புரியவில்லை என்றார்கள். சேர்த்து வைத்துக்கொண்டு எங்கே கொண்டுபோகப் போகிறாள் என்றார்கள். மூன்று வருடம் ஓசியில் ஓட்டியவர்கள், தங்கள் சொத்தை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோலப் பேசினார்கள். அவள் எல்லையில் இடுப்பளவுக்குக் கல் அடுக்கிக் காய்களைத் தடுத்தாள். வண்டியோ செங்குத்தையும் பழைய மேட்டைப்போலவே எடுத்துக்கொண்டது, முனகியது, ஏறியது. கீழே நின்று பார்த்தால் சுவரில் பல்லி போவதுபோல இருக்கும். மரங்கள் சுவரிலிருந்து படுக்கைவாக்கில் நீட்டிக்கொண்டு காய்த்தன.

பிறகு மழை பிடித்தது. அவள் நிலத்தில் விழுந்த தண்ணீர் நொடியில் ஓடிவிட்டது. மற்றவர்களின் நிலத்தில் விழுந்த தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை, நின்றுவிட்டது. பயிரின் வேர் அழுகியது, பால்காரரின் மாடுகளுக்குக் குளம்பு ஊறிப் புண் வைத்தது, மூத்தவர் வீட்டுக்குள் தவளை குடிவந்தது. வாய்க்கால் வெட்டிப் பார்த்தார்கள். வாய்க்காலிலும் தண்ணீர் நின்றது. சமதரையில் வாய்க்கால் வெட்டி என்ன பயன்? மழை வெறித்த ஒரு காலையில் மூத்தவர், பால்காரர், கல் வெட்டுகிறவர் எல்லோரும் கயிறு பிடித்து அவள் வாசலுக்கு ஏறி வந்தார்கள்.

"வண்டி வேணும்மா. மண்ணடிச்சு மேடு பண்ணணும்" என்றார் மூத்தவர்.

அவள் சாக்கைக் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்துக் காட்டினாள். எடுத்துக் காட்டினாள். கல் சாய்ந்து நிமிர்ந்தது. "மண்ணு வேண்டாம் அத்தான், உங்க சரிவே இங்கதான் இருக்கு. என் பங்கை விட்டுட்டு மிச்சத்தை அள்ளிக்கிட்டுப் போங்க. விளக்குமாறு தரேன். வண்டி கெடையாது."

"அப்புறம் எப்படிம்மா கொண்டு போறது?"

"நான் எருவை எப்படிக் கொண்டு போனேனோ அப்படித்தான். முதுகுல."

மூத்தவர் தம்பியின் பக்கம் திரும்பினார். அத்தனை பேரும் திரும்பினார்கள். அந்த வாயிலிருந்து என்ன வரும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். "நீ சொல்லுடா தம்பி. சாவியைக் குடுக்கச் சொல்லு."

கட்டிலுக்குக் கட்டிய கயிறு சரிங்க கையில் இருந்தது, அது ஈரத்தில் இற்றுப்போய், மாற்றுவதற்காக அவிழ்த்திருந்தார். அதைச் சுருட்டிக்கொண்டே, "அவ சொல்றதுதான் சரிங்க" என்றார்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும். அடுத்த மழைக்காலம் வரை சுமந்தார்கள், அதற்கு அடுத்ததுவரையும் சுமந்தார்கள். சரிவுக்கு எடை கிடையாது, ஆனால் சுமக்கிறவனைச் சாய்த்துவிடும். எல்லோரையும்விட அதிகம் சுமக்க வேண்டியிருந்தது மூத்தவருக்குத்தான், அதிகம் இரவல் வாங்கியவர் அவர். இன்றைக்கும் அவர் இடது பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார். தையல்காரர் அவர் சட்டைக்கு ஒரு பக்கம் நீளம் கூட்டித் தைக்கிறார், கூலி வழக்கமான கூலிதான். எலுமிச்சைத் தோட்டம் பழைய மேட்டுக்கு வந்துவிட்டது. காய்கள் விழுந்த இடத்தில் கிடக்கின்றன, பால் நாலு பக்கமும் பொங்குகிறது, கட்டிலுக்குக் கயிறு தேவையில்லை.

ஒரே ஒரு பிடி சரிவை மட்டும் அவள் யாருக்கும் தரவில்லை. அதை வாசற்படியில், வெளிப்பக்கம் பார்த்துப் பூசி வைத்திருக்கிறாள். வேலையாக வருகிறவர்கள் நிலையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். வண்டி கேட்டு வருகிறவர்கள், "ஒரு நடை..." என்று ஆரம்பிக்கும்போதே கால் பின்னால் வழுக்கி, மீதியைச் சொல்வதற்குள் தெருவில் போய் நிற்கிறார்கள். அங்கிருந்தே வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, வந்த வழியே போகிறார்கள்.