கண்ணில் படாத எத்தியர்

ஆயுதம் எடுத்தவர்களின் கண்ணுக்கு எத்தியர் தெரியமாட்டார். அவருடைய குரலும் அவர்களுக்குக் கேட்காது. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணியில் பலாலி வீதியில் பஸ்ஸில் ஏறிச் சோதித்த ஆமிக்காரர்களில் ஒருவரும் அவர் நீட்டிய கடவுச்சீட்டை வாங்கவில்லை. வெறும் இருக்கை என்று நினைத்து ஒருவன் அவர் மடியில் தன் தொப்பியைக் கழற்றி வைத்தான். அவர் தங்கியிருந்த மயிலிட்டிச் சனம் சில நாள் இதைக் கதைத்துவிட்டு, மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டைக் கதைக்கத் தொடங்கியது.

முழுப்பெயர் எத்தியேன் லெவினேக். பிரான்ஸிலிருந்து வந்த எழுத்தாளர். இளம் வயதில் அல்ஜீரியாவில் சுட மறுத்துச் சிறையிருந்தவர். அதைப் பற்றி அவர் எழுதிய நாவல்களைப் படித்தபின், பட்டாளத்திலிருந்த சொந்தத் தம்பியே அவர் முகத்தில் விழிப்பதை விட்டுவிட்டான். கடலோடிகளைப் பற்றி எழுதவென்று மயிலிட்டிக்கு வந்து, நீக்கிலாப்பிள்ளை என்ற மீனவரின் வீட்டுப் பின்னறையில் தங்கினார். அவரோடு வள்ளத்தில் போனார், தமிழ் படித்தார், திரும்பிப் போகாமலே இருந்துவிட்டார். எழுதவந்த புத்தகம் நடுவில் வேறொன்றாகிவிட்டது: ஒருவரும் சாகாத ஒரு யுத்தத்தின் கதை. நீக்கிலாப்பிள்ளையின் மனைவி செபஸ்தியம்மாவுக்கு அது பிடிபடவில்லை.

"ஒருத்தரும் சாகாட்டி அது என்ன சண்டை?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன், அக்கா," என்றார் எத்தியர்.

எண்பத்தாறில் நீக்கிலாப்பிள்ளையின் தம்பியை நேவி நடுக்கடலில் சுட்டது. உடல் கிடைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிய, நீக்கிலாப்பிள்ளை போராளி இயக்கத்திடம் துவக்கொன்று வாங்கித் தோளில் மாட்டிக் கரையோரக் காவலுக்குப் போனார். மறுநாள் காலை வீட்டுக்கு வந்தவர், "எத்தியர் எங்கை?" என்று மனைவியிடம் கேட்டார்.

"உங்களுக்கு முன்னாலைதானே இருக்கிறார்."

நீக்கிலாப்பிள்ளை வெறுங்கதிரையை வெகுநேரம் பார்த்தார். துவக்கை மூலையில் சாத்திவிட்டும் பார்த்தார், பயனில்லை. விட்டெறிந்தால்தான் தெரிவார் போலிருந்தது. எறிய அவருக்கு மனம் வரவில்லை. அதன்பிறகு இருவரும் செபஸ்தியம்மா மூலமாகத்தான் கதைத்தார்கள். "கடல் எப்பிடி எண்டு கேக்கிறார்." "சோளகக் காத்து எண்டு சொல்லு."

ஊரில் ஆயுதம் எடுத்தவர்கள் கூடக் கூட, எத்தியரைக் காண்பவர்கள் குறைந்தார்கள். இந்திய இராணுவம் வந்தது, போனது; அவர்களும் காணவில்லை. முன்பு தோளில் கைபோட்டுக் கதைத்த பெடியன்கள் சந்தையில் அவர்மீது மோதி, மோதியது எதுவென்று தெரியாமல் நடந்தார்கள். எழுதியதை அவர் தனக்குத்தானே உரத்து வாசித்துக்கொண்டார்.

தொண்ணூறில், ஆமி முகாமுக்குள் ஒரு குண்டைக் கொண்டுபோய் வைக்க அவரால் முடியுமா என்று இயக்கம் கேட்டது. காவலுக்கு நிற்பவர்கள் எவரும் காணமாட்டார்கள். கேள்வியோடு வந்தவர் நீக்கிலாப்பிள்ளை.

"மாட்டாராம்," என்றாள் செபஸ்தியம்மா.

"என்ரை தம்பி இவருக்கும் தம்பி மாதிரித்தானே இருந்தவன். ஏனாம்?"

எத்தியர் மெதுவாகத்தான் வாய் திறந்தார். அவள் கேட்டுச் சொன்னாள்: "உள்ளுக்கை இருக்கிறவங்களுக்கும் அண்ணை, தம்பி இருக்காம்."

நீக்கிலாப்பிள்ளை எழும்பிப் போனார். பிறகு எத்தியரின் எந்தக் கேள்விக்கும் அவர் பதில் சொல்லவில்லை.

அந்த ஆனியில் சண்டை மூண்டு மயிலிட்டி காலியானது. கரையில் நின்ற நீக்கிலாப்பிள்ளைக்குத் தொடையில் வெடி பட்டது. இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டிருக்க, எத்தியர் மணலைக் கடந்து போய் அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். துவக்கோடு நின்றவர்கள் கண்டது, நீக்கிலாப்பிள்ளை ஆளுயரத்தில் மிதந்து வருவதைத்தான். அப்போதும் அவர் துவக்கை விடவில்லை.

"எத்தியர், நீரோ?" என்று காற்றிடம் கேட்டார். எத்தியர் சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை.

பலாலி வீதியோரத் திருநெல்வேலியில் ஒரு வாடகை வீட்டில் மூவரும் இருந்தார்கள். தொண்ணூற்றிரண்டில் செபஸ்தியம்மா மலேரியாக் காய்ச்சலில் இறந்தாள். அதன்பின் அந்த வீட்டில் எத்தியர் சமைத்தார், நீக்கிலாப்பிள்ளை சாப்பிட்டார். பின்னேரங்களில் நீக்கிலாப்பிள்ளை சுவரைப் பார்த்துச் செத்தவளைப் பற்றிக் கதைப்பார். எத்தியர் பக்கத்திலிருந்து அவருக்குக் கேட்காத பதில் சொல்வார். மூன்று வருடம் இப்படிப் போனது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. துவக்கோடு நொண்டி நடந்த நீக்கிலாப்பிள்ளையின் கக்கத்துக்குள் கைகொடுத்து யாரோ வழிநெடுகத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் கிராம அலுவலரான விதானையார் இடம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை பேர்?"

"ரெண்டு பேர்," என்றார் நீக்கிலாப்பிள்ளை.

விதானையார் நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். யன்னலோரம் இரண்டு பேர் படுக்கப் போதுமான இடத்தைக் காட்டினார். நீக்கிலாப்பிள்ளை துவக்கைத் தன் பக்கத்தில் கிடத்தி, சுவரோரத்தை மற்றவருக்கு விட்டுப் படுத்தார்.