பதினோரு மணிக்குள் உச்சி

காற்றடிக்கும் இரும்பு பம்ப் விலாவில் இறங்கியது. மெக்கானிக்கின் சைக்கிள் அலைபாய்ந்து, பள்ளத்தாக்கு விளிம்பின் குட்டைச் சுவரை உரசி, எப்படியோ நிமிர்ந்தது.

"பதினெட்டுல இன்னும் எட்டு வளைவு இருக்கு மச்சான். வளைவுக்கு ஒரு எலும்புன்னு வச்சுக்கலாமா?" தங்கை புருஷன் பம்பைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஏறினான்.

பாறை சரிந்ததால் மலைப்பாதையில் மதியம் வரை வண்டிகளுக்குத் தடை. சைக்கிளைத் தோளில் தூக்கினால் மட்டும் கற்குவியலைத் தாண்டலாம். இருவரும் தாண்டியிருந்தார்கள்.

மலைப்பாதை சைக்கிள் பந்தயத்தில் நாலு கோப்பை வாங்கியவன் மாப்பிள்ளை. போன வாரம் பெண்டாட்டியின் இடது கையை உடைத்தவனும் அவன்தான். அதோடு காணாமல் போனவளைத் தேடி இன்று காலை சைக்கிள் கடைக்குள் நுழைந்தான். மெக்கானிக்கின் சுண்டுவிரலைப் பட்டறையின் இரும்பு இடுக்கியான வைஸில் கொடுத்து முறுக்கினான்.

முதல் சுற்றுக்கு, "தெரியாது." இரண்டாவதுக்கும் அதே. மூன்றாவதில் எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது.

"உச்சி பஸ் ஸ்டாப்! பதினோரு மணி பஸ்!"

கடையிலேயே விலை கூடிய ரேஸ் சைக்கிளை உருவிக்கொண்டு மாப்பிள்ளை பறந்தான். மெக்கானிக்குக் கிடைத்தது, சிலிண்டர் போடுகிறவர் ரிப்பேருக்கு விட்டிருந்த லோடு சைக்கிள். இந்த முறை அவள் சிக்கினால் கையோடு நிற்காது. அது இருவருக்குமே தெரியும்.

பதினாலாவது வளைவில் பாதை சுவர்போல எழுந்தது. ரேஸ் சைக்கிள் திணறியது. அது சமதரையில் பறக்கப் பெரிய பல்சக்கரம் பூட்டிய வண்டி. விலையைப் பார்த்தவன் பல்லை எண்ணவில்லை. லோடு சைக்கிளுக்கோ பாரம் ஏற்றவென்றே சின்னப் பல்சக்கரம். ஆமை வேகம்தான், ஆனால் நிற்காது.

"என்ன மாப்ளே, கோப்பையெல்லாம் கனக்குதா?"

திரும்பியவன் முகத்தில் மெக்கானிக்கின் முழங்கை பாய்ந்தது. இரண்டு சைக்கிளும் பின்னிக்கொண்டு சரிந்தன. தார் ரோடு மாப்பிள்ளையின் தாடையைக் கிழித்தது. அவன் எழுந்து பம்பால் அடித்தான். தோளில், முதுகில், காதோரம். மெக்கானிக் அவன் காலைக் கட்டிக்கொண்டான்.

"விடுடா!"

"விட்டா மேல போயிடுவியே."

நொறுங்கிய விரல்மேல் ஷூ ஏறி அரைத்தது. பிடி விட்டது.

ரத்தத்தைத் துப்பிவிட்டு மெக்கானிக் மறுபடி மிதித்தான். பதினேழாவது வளைவில் எட்டிப்பிடித்து, இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரை ரேஸ் சைக்கிளின் சக்கரத்துக்குள் வீசினான். கம்பிகள் படபடவென்று அறுந்தன. மாப்பிள்ளை ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறந்து விழுந்தான். விழுந்த வேகத்தில் எழுந்து, மச்சானின் தலையைக் குட்டைச் சுவரில் இரண்டு முறை மோதினான். அப்படியே லோடு சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு ஏறினான்.

"அவளை முடிச்சிட்டு வந்து உன்னைக் கவனிக்கிறேன்!"

கடைசி வளைவை மெக்கானிக் பாதி நடந்தும் பாதி தவழ்ந்தும் கடந்தான். உச்சிக்கு வந்தபோது மணி பதினொன்று ஐந்து.

பஸ் ஸ்டாப்பில் ஒரு சிமென்ட் பெஞ்ச். அதன்மேல் காற்று. வேறு யாருமில்லை.

மாப்பிள்ளை பெஞ்சுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டான். ஓடிவந்து சட்டையைப் பிடித்து உலுக்கினான். "பஸ் போயிடுச்சா? எங்கடா அவ?"

"மதியம் வரைக்கும் இங்க பஸ்ஸே வராது மாப்ளே. ரோடுதான் அடைச்சிருக்கே."

"அப்புறம் எதுக்குடா வழியெல்லாம் மறிச்ச? உயிரைக் கொடுத்து அடி வாங்கின?"

"சும்மா விட்டிருந்தா நீ முதல் வளைவிலேயே யோசிச்சிருப்பே. மறிச்சதாலதான நம்பின?"

ஓங்கிய பம்ப் அந்தரத்தில் நின்றது. மெக்கானிக் சுவரில் சாய்ந்து, வீங்கிய உதட்டோடு சிரித்தான்.

"நீ என் விரலை முறுக்கினப்போ அவ கடைக்குள்ளதான் இருந்தா. உனக்குப் பின்னாடி, டயர் குவியலுக்குள்ள. நான் அலறினது கேட்டும் மூச்சு விடல என் தங்கச்சி. இந்நேரம் கீழ ஸ்டாண்டுல பத்தரை பஸ்ஸைப் பிடிச்சுப் போயிருப்பா."